வலது பக்கத்துக் கிட்டார்

முதல் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது என்பதை மெர்லின் செல்போன் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்தப் பாட்டு இடது பக்கத்தில்தான் தொடங்கும். ரோலண்டின் கிட்டார் மட்டும், ஒரே கம்பியில், பக்கத்து வீட்டில் யாரோ திருகாணி முடுக்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி மேலே வரும், இனித் தாங்காது என்கிற இடத்தில் டிரம்ஸ் வந்து விழும். இப்போது டிரம்ஸ் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வலது காதில் வந்து விழுந்தது. இடது காதில் அந்த இரைச்சல்தான். குக்கர் விசிலுக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுக்குமே, அந்த இழுப்பு, விசிலே வராமல் கிட்டத்தட்ட ஒரு மாசமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. இயர்போன் குமிழை இன்னும் உள்ளே தள்ளிப் பார்த்தாள். எடுத்து ஊதிப் பார்த்தாள். குமிழில் ஒன்றும் கோளாறில்லை என்று தெரிந்தேதான் ஊதினாள், பூட்டின பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற மாதிரி. தில்லைநகரின் அந்தக் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமான நேரம், காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள், சுவரில் டிவி சத்தமில்லாமல் யாருக்கோ கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தது. வலது காது கவுண்ட்டரைப் பார்த்து இருக்கும்படியான நாற்காலியாகத் தேடி உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு மாசத்தில் இது பழகிவிட்டது. எங்கே போனாலும் முதலில் சுவர் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள், இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு வலது பக்கத்தை மனிதர்களுக்குக் கொடுப்பாள். அந்த வலது பக்கமும் போய்விட்டால். இல்லை, அதை நினைக்கக் கூடாது. பாட்டைக் கேள். பாட்டைக் கேட்கத்தானே இயர்போனை மாட்டினாய்.

லூப் லைன் என்று ஒரு ராக் குழு இருந்தது என்று சொன்னால் இந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும். திருச்சியிலேயே தெரியாது. பொன்மலை ரயில்வே காலனியைச் சேர்ந்த நாலு பையன்கள், எக்ஸ்பிரஸுக்கு வழி விடுவதற்காகப் பாசஞ்சர் ரயிலை ஒதுக்கி நிறுத்துகிற பக்கத்துத் தண்டவாளத்தின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், கலைந்துபோனார்கள். ஆல்பத்துக்குப் பெயர் ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’. அது கேசட்டாக வந்தபோது மெர்லின் கல்லூரியில் இரண்டாம் வருஷம். காதல் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஈரச் சட்டையைப் பற்றி ஒரு பாட்டு, ரயில்வே கேட் மூடியிருப்பதைப் பற்றி ஒரு பாட்டு, அக்கா கல்யாணத்தில் யாரும் கண்டுகொள்ளாத தம்பியைப் பற்றி ஒரு பாட்டு. பாடுகிற அமலன் குரலை உயர்த்தவே மாட்டான். கிட்டார்கள் இரண்டும் கூரையைப் பிய்க்கும்போதுகூட அவன் கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரலிலேயே பாடுவான், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான். ‘ஈரச் சட்ட காயல, போட்டுக்கிட்டு வந்துட்டேன், உடம்புல காயட்டும்னு வெயில்ல வந்து நிக்கிறேன்.’ அவ்வளவுதான் பல்லவி. இதில் என்ன இருக்கிறது என்று அப்போதே அவளோடு இயற்பியல் படித்த பெண்கள் கேட்டார்கள். என்ன இருக்கிறது என்று மெர்லினுக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. யாரும் தன்னைப் பார்த்துப் பாடவில்லை, தன்னோடு சேர்ந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு பாடுகிறார்கள் என்று இருந்தது. அதற்கு முன்னால் அவள் கேட்ட பாட்டுக்காரர்கள் எல்லோரும் அவளிடம் எதையாவது எதிர்பார்த்தார்கள், அழு என்றோ ஆடு என்றோ. இவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் வைத்துப் பதிவு செய்தார்களாம், உற்றுக் கேட்டால் பாட்டுக்குப் பாட்டு நடுவில் மேலே ஃபேன் கிறீச்சிடுவது கேட்கும். அந்தக் கிறீச்சும் அவளுக்குப் பாட்டிலே சேர்த்திதான்.

கேசட் கல்லூரித் தோழி சுபைதாவுடையது. வாக்மேனும் சுபைதாவுடையதுதான், அவள் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. பொன்மலைப்பட்டியில் பஸ் ஏறும் மெர்லின் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள், பாலக்கரையில் சுபைதா ஏறி வலது பக்கத்தில் உட்காருவாள், துப்பட்டாவுக்குள்ளேயிருந்து ஒயர் வெளியே வரும். எல் என்று போட்ட குமிழ் மெர்லினுக்கு, ஆர் என்று போட்டது சுபைதாவுக்கு. மெர்லின் அதை இடது காதில்தான் வைத்துக்கொள்வாள், ஏனென்றால் வலது காது சுபைதா பேசுவதற்கு வேண்டும். சுபைதா பாட்டு நடுவில் பேசாமல் இருக்க மாட்டாள். அப்படித்தான் ரோலண்டின் கிட்டார் அவள் கிட்டாராக ஆகிப்போனது. இடது பக்கம் முழுக்க ரோலண்ட். வலது பக்கம் இன்னொருவன் வாசித்தான், சிவநேசன் என்று கேசட் அட்டையில் பெயர் போட்டிருக்கும். அப்புறம் சிடி வந்தது, மகள் ஷெரின் பிறந்த பிறகு போனில் பாட்டு வந்தது, இரண்டு காதிலும் குமிழ் மாட்டி முழுசாகக் கேட்க எத்தனையோ வருஷம் கிடைத்தது. ஆனால் குரூப் போட்டோவில் முதலில் தன் மூஞ்சியைத் தேடுகிற மாதிரி அவள் மனசு இடது பக்கம்தான் போகும். ரோலண்டைப் பிடித்துக்கொண்டே கடைசிப் பாட்டு வரைக்கும் போய்விடுவாள். ரோலண்ட் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டானாம், அங்கே கிட்டார் வாசிக்கிறானோ பஸ் ஓட்டுகிறானோ. அவன் போனதுகூட வருத்தமாக இல்லை. அவன் இடது காதில் பத்திரமாக இருந்தான்.

போன மாசம் ஒரு காலையில் எழுந்தபோது அந்தக் காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருந்தது. குளித்ததில் போயிருக்கும் என்று நினைத்தாள். ஒற்றைக் காலில் நின்று குதித்தாள். சளி என்று நினைத்தாள். அழுக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டாள். காதே போய்விட்டது என்று மட்டும் நினைக்கவில்லை, இல்லை, நினைத்தாள், நினைத்ததால்தான் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் லீவு சொல்ல வேண்டும், லீவு சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும், காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அவள் வேலையே கேட்பதுதான். இன்டர்நெட் கம்பெனியின் புகார் பிரிவில் ஒற்றைக் காது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மாவட்டத்தின் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வேலை. அந்த ஹெட்செட்டும் இடது காதில்தான் இருந்தது இத்தனை வருஷமும். அதைச் சத்தமில்லாமல் வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள், பக்கத்து சீட் பெண் என்னக்கா என்றபோது கழுத்து வலி என்றாள். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டுத்தான் இங்கே வந்தாள். டாக்டர் அம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அன்னைக்கே ஓடி வரவேணாமா? இதுல ஒவ்வொரு நாளும் கணக்கு” என்றார். இது எதனால் வந்தது டாக்டர், பாட்டுக் கேட்டதாலா, ஹெட்செட்டாலா? “அதெல்லாம் இல்ல. காரணம் தெரியாது. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியறதில்ல.” காரணம் தெரியாது. அந்த வார்த்தை முள் மாதிரி அங்கேயே நின்றுகொண்டது. பாட்டு அதிகம் கேட்டதால் என்று திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். காரணம் இருந்தால் அதை விட்டுவிடலாம். காரணமே இல்லாமல் இடது போகுமென்றால் வலதுக்கு மட்டும் என்ன காரணம் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பாட்டு. சுவரோரம் ஒரு கைக்குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது, பாட்டுக்கு அந்தப் பக்கம் அது மீன் மாதிரி இருந்தது. மெர்லினுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, மூடினால் டோக்கன் கூப்பிடுவதைத் தவறவிட்டுவிடுவோமோ என்றும் இருந்தது. இந்த அலுப்பு தூங்கினால் போகிற அலுப்பில்லை. எல்லாரும் ஒரு காதால் கேட்டு ஒரு காதால் விடுகிறார்கள், அவளுக்கு விடுவதற்குக் காது இல்லை, உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கிறது. நாள் முழுக்க, ஏம்மா மூணு நாளா நெட் இல்ல நீங்கல்லாம் எதுக்கு உக்காந்திருக்கீங்க. நாள் முழுக்க அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை ஆல்பத்தின் பெயர் என்று தெரிந்தேதான் சொல்வாள், ஆரம்பத்தில் உள்ளுக்குள் சிரிப்பாக வரும், பிறகு அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு தடவை மட்டும். இரண்டு வருஷம் இருக்கும், ஒரு சாயங்காலம் ஒரு ஆள் கூப்பிட்டார். கோபமில்லாத குரல். “முந்தாநேத்துலேர்ந்து லைன் இல்ல மேடம். ஆள் வர்றேன்னாங்க, வரல.” வரல என்பதில் கடைசி எழுத்து காணாமல் போயிருந்தது. மெர்லினின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. அந்த விழுங்கலை அவளுக்குத் தெரியும், இருபது வருஷமாகத் தெரியும். பெயர் கேட்டாள். அமலன் என்று மட்டும் சொன்னார், முகவரி பொன்மலை பக்கத்தில் ஏதோ நகர். சார் நீங்க பாடுவீங்களா என்று கேட்க வாய் வந்துவிட்டது. அழைப்பெல்லாம் பதிவாகும், தேவையில்லாத பேச்சுக்கு மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். அதனால் சொல்ல அனுமதி இருந்த வாக்கியத்தைச் சொன்னாள், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கேசட் அட்டையில் அச்சடித்திருந்த மாதிரி. “தாமதத்திற்கு வருந்துகிறோம் சார்.” அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள். பிறகு, “என்னம்மா சொன்னீங்க?” என்றார். “தாமதத்திற்கு வருந்துகிறோம்.” மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அது சிரிப்பா இல்லையா என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. “நாங்கதான் வருந்தணும்” என்றார், வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷன் இன்னாசியிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தாள். போனபோது அவன் மிக்ஸியைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான், ஷெரின் கெமிஸ்ட்ரி புரியவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். சொல்லாமல் போனது எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று. சொன்னால் அவன் என்ன சொல்லியிருப்பான். “யாரு அமலன்?” என்று கேட்டிருப்பான். அதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அப்போதுதான் கேட்டது. இரண்டாவது பாட்டில், பல்லவி முடிந்து அமலன் வெயிலில் வந்து நின்ற பிறகு, வலது பக்கத்தில் என்னமோ ஒன்று துள்ளியது. ரோலண்டின் கிட்டார் மேலே படுத்து மூடியிருந்த வரைக்கும் அவள் கவனித்தே இராத ஒன்று. ஓடிப் பிடித்து விளையாடுகிற மாதிரி நாலைந்து சுரம், ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவது, மறுபடி வருவது. சிவநேசன். பாட்டு முழுக்க இதையேதான் வாசித்துக்கொண்டிருந்தான் அவன், அமலன் ஈரச் சட்டையோடு நிற்க நிற்கப் பின்னால் நின்று அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். மெர்லின் பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். இந்த ஆல்பத்தைச் சோகமான ஆல்பம் என்றல்லவா அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அழுகையை அடக்கிக்கொள்கிற ஆல்பம் என்று. சுபைதா ஏன் பஸ்ஸில் இந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள் என்று அப்போது புரியவில்லை, இவளுக்கு எதைக் கேட்டாலும் சிரிப்புத்தான் என்று கொஞ்சம் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே சீட்டில் ஒரே ஒயரில் வெவ்வேறு பாட்டைக் கேட்டுக்கொண்டு கல்லூரி போயிருக்கிறார்கள். போனில் சுபைதாவின் பெயரைத் தேடினாள். சவூதியில், தம்மாமில் இருக்கிறாள், பெருநாளைக்கும் கிறிஸ்துமஸுக்கும் பூப்படம் போட்ட வாழ்த்துகள் போய் வருகின்றன, அதற்கு மேல் ஒன்றுமில்லை, சண்டையும் இல்லை. ‘ஈரச் சட்டை பாட்டுல வலது பக்கம் ஒரு கிட்டார் சிரிச்சுக்கிட்டே இருக்குடி. நீ சொல்லவே இல்லையே’ என்று எழுதி அனுப்பினாள். காது விஷயத்தை எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘எந்தப் பாட்டுடி? நல்லாருக்கியா? ஷெரின் எந்த காலேஜ்?’ மெர்லின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும்போல. கோயம்புத்தூர் என்று மட்டும் எழுதினாள். மறந்துபோவதும் ஒரு மாதிரி செவிடுதான். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அவளுக்கு அங்கே நாலு பிள்ளைகள், மாமியார், அடுப்பு. எந்தப் பாட்டு என்று கேட்கவாவது செய்தாள்.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது இவளுக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். “நாலு தடவ கூப்பிட்டாச்சுக்கா.” உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, கதவைச் சாத்தியதும் உலகம் தூரப் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்கிற பெண், ஷெரினைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருப்பாள். “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. சின்னதா கேட்டாலும் அமுக்குங்க.” வலது காதில் முதலில். டிக், டிக் என்று எறும்பு நடக்கிற அளவு சத்தத்தைக்கூட வலது காது பிடித்துக்கொண்டது, ஒவ்வொன்றுக்கும் மெர்லின் அமுக்கினாள், ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே ஒரு நன்றி. பிறகு இடது. ஒன்றுமில்லை. இரைச்சல். ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் கை கருவியில் அசைவது கண்ணாடி வழியே தெரிந்தது, அப்படியென்றால் சத்தம் போகிறது, இவளுக்கு வரவில்லை. வரவில்லை. இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்த மாதிரி இருந்தது, அமுக்கினாள். இருந்ததா. ரோலண்டின் கம்பி இறுகுகிற மாதிரி ஒன்று, ஆனால் அது ஞாபகம், சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். மைக்கில் அந்தப் பெண், “அக்கா, நான் ஒண்ணும் போடலையே இப்ப” என்றாள். பிறகு வார்த்தைகள் வந்தன, சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தகர டப்பாவுக்குள் யாரோ கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். “கதவு” என்றாள் மெர்லின். இன்னொரு கொப்பளிப்பு. “பழம்.” இன்னொன்று. “மழை.” அந்தப் பெண் சிரித்தே விட்டாள். “யூகிச்சுச் சொல்லாதீங்கக்கா. கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லுங்க, கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க.” மெர்லினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யூகிக்காமல் எப்படி. இருபது வருஷமாக லைனில் பாதி விழுந்த வார்த்தைகளை யூகித்துத்தானே பிழைப்பு நடக்கிறது, வீட்டிலும் அப்படித்தானே, இன்னாசி ம் என்றால் என்ன ம், ஷெரின் நல்லாருக்கேன்மா என்றால் எவ்வளவு நல்லா. “கேக்கல” என்றாள். அடுத்ததற்கும் கேக்கல. சொல்லச் சொல்ல அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கேக்கல. அடுத்து வந்தது கொப்பளிப்பு இல்லை, அதற்குள் ஏதோ உருவம் இருந்தது. “பூனை... பூனைன்னு கேட்டுச்சு” என்றாள் சந்தேகத்தோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் உயர்ந்தது.

“கொஞ்சம் ஏறியிருக்கு” என்றார் டாக்டர் அம்மா, காகிதத்தில் கோடு இறங்கி இறங்கிப் போய்க் கடைசியில் லேசாக நிமிர்ந்திருந்ததைக் காட்டி. “மாத்திரைக்கு இவ்வளவுதான் வந்திருக்கு. காதுக்குள்ளயே ஊசி போட்டுப் பார்ப்போம். முழுசா வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்.” “வலது காது டாக்டர்?” “அது ரொம்ப நல்லா இருக்கு.” “அதுவும் போயிடுமா?” “போகும்னு நினைக்கக் காரணமே இல்லம்மா.” மறுபடி காரணம். நர்ஸ் கேட்டாள், கூட யாராவது வந்திருக்காங்களா, ஊசி போட்டால் தலை சுற்றும், தனியாகப் போக விட மாட்டோம். யாரும் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை என்பதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்வது ஒரு வேலை, அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். சொன்னால் இன்னாசி எப்பப் பார்த்தாலும் காதில் மாட்டிக்கொண்டிருந்தால் என்று ஆரம்பிப்பான், அல்லது ஆரம்பிக்காமல் டிவியைப் பார்ப்பான், இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்யத் தெம்பில்லை. ஜூனில் ஷெரினை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. முன்னெல்லாம் பேசிய பேச்சு முழுக்க ஷெரினைப் பற்றித்தான் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. சோறு வைக்கவா, கரண்ட் பில் வந்துச்சா, சாவி எங்க. இவளுக்குக் கேட்காததை அவன் கண்டுபிடிக்காமல் இருந்ததே பேச்சு அவ்வளவு குறைவு என்பதால்தான். போனை எடுத்து அவன் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். அடிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் திரையில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது, பழக்கத்தில் இடது காதில் வைத்திருக்கிறாள். வலதுக்கு மாற்றியபோது அவன் கத்திக்கொண்டிருந்தான். “ஹலோ, ஹலோ, மெர்லி, என்னாச்சு, ஏன் பேச மாட்டேங்கற?” பின்னால் ஒர்க்‌ஷாப்பில் இரும்பை அடிக்கிற சத்தம். “ஆஸ்பத்திரியில இருக்கேன். ஒண்ணுமில்ல. காதுல ஊசி போடறாங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?” ஏன் எதற்கு என்று கேட்பான் என்று காத்திருந்தாள். “எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டான், பதிலைச் சொன்னதும் வைத்துவிட்டான்.

ஊசி வலித்தது, வலியைவிட உள்ளே மருந்து இறங்குகிற குளிர்ச்சிதான் தாங்கவில்லை. மண்டைக்குள் யாரோ குடத்தைக் கவிழ்த்த மாதிரி அறை ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், மருந்து இறங்குகிற காது மேலே, நல்ல காது தலையணைக்குள். அப்படிப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியே நின்றுபோன மாதிரி இருந்தது. எழுந்து வெளியே வந்தபோது இன்னாசி கூடத்தில் நின்றுகொண்டிருந்தான், ஒர்க்‌ஷாப் சட்டையை மாற்றாமல், முழங்கையில் கிரீஸோடு. நர்ஸிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான், இரண்டு பேரும் படி இறங்கிச் சாலையோரமாக வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார்கள். அவன் இடது பக்கத்தில் வந்தான். வாய் அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. வெயில் தாழ்ந்திருந்தது, ஆட்டோக்கள் எல்லாம் வலது பக்கத்திலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. மெர்லின் நின்றாள். “இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பக்கம் பேசினா எனக்குக் கேக்காது.” அவன் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான். “எப்பலேர்ந்து?” என்று கேட்டான். “ஷெரின் போய்க் கொஞ்ச நாள்லயே.” “மழை பேஞ்சு கரண்ட் போச்சே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?” “முன்னாடி. ஏன்?” அவன் மூடியிருந்த ஒரு மருந்துக்கடை ஷட்டர் பக்கத்தில் நின்றுவிட்டான். “அன்னைக்குப் படுத்தப்புறம் நான் உன்னை ஒண்ணு கேட்டேன் மெர்லி. நீ தூங்கல, எட்டிப் பாத்தேன், எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல கண்ணு தெறந்திருந்துச்சு. நீ பதிலே சொல்லல.” “என்ன கேட்டீங்க?” “விடு.” “சொல்லுங்க.” “இப்ப என்ன அது. ரோட்டுல வச்சு.” “சொல்லுங்கன்னா.” அவன் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ஆட்டோ ஒன்று போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு. “புள்ளையும் போயிட்டா, இனிமே நமக்குள்ள பேசுறதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.”

மெர்லினுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள், இப்போது படுத்த மாதிரியே, இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, இது ஏன் போக மாட்டேன் என்கிறது என்று எமர்ஜென்சி லைட் எட்டாத இருட்டைப் பார்த்துக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் அவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான். மறுநாளிலிருந்து சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்ததும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையிலேயே நின்றுகொண்டதும், கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றதும் வரிசையாக வந்தன. வயசாக ஆகத் தன்மையாகிவிட்டான் என்று நினைத்திருந்தாள். பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஒரு மாசமாக அதோடு வாழ்ந்திருக்கிறான். ஐயோ, எனக்குக் கேட்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் இன்னொன்று வந்து குறுக்கே நின்றது. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள். தூங்குங்க, காலைல பேசிக்கலாம் என்றிருப்பாள். அல்லது கேட்காத மாதிரியே படுத்திருப்பாள், காது நன்றாக இருந்த காலத்தில் எத்தனை தடவை அப்படிப் படுத்திருக்கிறாள். இதற்குக் காதைக் குற்றம் சொல்வது சுலபம். தலை சுற்றியது, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், கிரீஸ் விரலில் பிசுபிசுத்தது. “எனக்குக் கேக்கல” என்றாள், யூகிக்காமல். “இருக்குங்க. பேச இருக்கு.” “என்ன இருக்கு?” என்று உடனே கேட்டான், அவசரமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவளுக்கு ஏராளம் இருந்த மாதிரியும் இருந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியவும் இல்லை, நிற்கவும் முடியவில்லை. “தெரியல. ஆனா இனிமே நீங்க கட்டில்ல அந்தப் பக்கம் படுக்கணும். எனக்கு வலது பக்கம்.”

“அங்க ஃபேன் காத்து வராதே” என்றான். பிறகு, “கட்டிலைத் திருப்ப வேணாம், தலகாணியை மட்டும் கால்மாட்டுக்கு மாத்திப் போட்டுட்டா போதும். நான் என் பக்கமே படுப்பேன், ஆனா உனக்கு வலது பக்கம் வந்துருவேன்” என்று உள்ளங்கையைக் கட்டிலாகப் பிடித்து, இரண்டு விரலை அதில் படுக்க வைத்து, திருப்பிக் காட்டினான். அப்படி வைத்தால் ஜன்னல் வெளிச்சம் காலையில் மூஞ்சியில் அடிக்கும், அதற்குத் திரைத்துணி போடலாம், கம்பி அவனிடமே இருக்கிறது, ஸ்விட்ச் எட்டாது, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வண்டி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். மெர்லினுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. திரைத்துணிக்கு என்ன நிறம் என்று அவன் கேட்டான். அவள் அதற்கு ஒரு பதில் சொன்னாள்.